சாக்குத்துணி ஓரத்தில் ஒரு பவுன்: பழைய பேஸ்பால் ரூக்கி கார்டு வாங்குவது எப்படி

என் தம்பி காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறான். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, பர்மா தேக்கு நிலை, ஜரிகை தைத்த ரவிவர்மா பிரெஸ் படம் என்று அந்தத் தெருவில் என்னென்ன கிடைக்குமோ அத்தனையும் அவனிடம் உண்டு. அவனிடம் இல்லாத பழைய சாமான் ஒன்று என்னிடம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை. இரண்டு அமெரிக்கப் பையன்களின் முகம், சுற்றி ஓரம் முழுக்கச் சாக்குத்துணி மாதிரி அச்சு. 1968-இல் பபிள்கம் பாக்கெட்டுக்குள் ஐந்தோடு ஐந்தாக வைத்து 5 செண்டுக்கு விற்றது. நான் அதற்குக் கொடுத்தது அன்றைய விலையில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு.

“ஆச்சி, உங்களுக்கு என்ன கிறுக்கா? ஒரு பவுன் வாங்கியிருந்தா பேத்திக்காவது ஆகும்” என்றான். அப்புறம் கடை லென்ஸைக் கண்ணில் வைத்து ஐந்து நிமிடம் வாயே திறக்காமல் பார்த்தான். “கறுப்பு மசி உடையாம நிக்குதே” என்றான். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தக் கட்டுரையில் பாதி இருக்கிறது.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக 2014 கடைசியில் நியூ ஜெர்சி போனேன். ஆறு மாதம். வெளியே பனி, உள்ளே குழந்தையும் நானும். எதிர்வீட்டுத் தாத்தா தன் சின்ன வயதில் சேர்த்த பேஸ்பால் கார்டுகளை ஒரு செருப்புப் பெட்டியில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளிடமிருந்து தீப்பெட்டிப் படத்தையும் மல்யுத்த வீரர் சீட்டையும் பறிமுதல் செய்த எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. மாசி மாதத்துக்குள் அவரோடு காரில் ஏறி கார்டு சந்தைகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன்.

இப்போது ஊரில் யாராவது அமெரிக்காவுக்குப் பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனபோது திரும்பும் கப்பலில் தேக்கும் பீங்கானும் வந்தன. இவர்கள் மூன்று மாதம் இருந்துவிட்டு வாசனைத் திரவியமும் பாதாமும் வாங்கி வருகிறார்கள். அதைவிட இது மேல் என்பது என் கட்சி.

ரூக்கி கார்டு என்றால் எது

ஆட்டம் முழுக்கத் தெரிந்தாக வேண்டும் என்பதில்லை. பந்தை எறிபவர் பிட்சர், நம் சிக்சர் போன்றது ஹோம் ரன், இவ்வளவு போதும் தொடங்க. ஆட்டக்காரர் யார், என்ன சாதித்தார் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகக் களத்துக்கு வந்தவர் ரூக்கி. கம்பெனி ஒரு வருடத்துக்கு வரிசை எண் போட்டு வெளியிடும் கார்டுத் தொகுப்பு செட். நாடு முழுக்க விற்ற வழக்கமான செட் ஒன்றில் அவர் படம் முதன்முதலில் வந்த அட்டை ரூக்கி கார்டு.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். முதல் ஆட்டம் ஆடிய வருடமும் ரூக்கி கார்டு வந்த வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. என்னிடம் இருக்கும் சாக்குத்துணிக் கார்டு நோலன் ரயனுடையது. டாப்ஸ் கம்பெனி, 1968, எண் 177. அவர் 1966-இலேயே மெட்ஸ் அணிக்கு ஆடிவிட்டார். கார்டில் இடப்பக்கம் ஜெர்ரி கூஸ்மன், வலப்பக்கம் ரயன். அப்போது இரண்டு பேருமே புதுப் பையன்கள், ஆளுக்குத் தனி அட்டை கொடுக்க வேண்டும் என்று கம்பெனிக்குத் தோன்றவில்லை. பிட்சரான அந்த ரயன் 1993 வரை ஆடி, 5,714 தடவை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது எதிராளியைப் பந்தை அடிக்க விடாமலே வெளியேற்றினார். இன்றுவரை யாரும் அதை நெருங்கவில்லை.

ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று களமிறங்கினார். அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகில் அந்த நூற்றாண்டில் ஆடிய முதல் கறுப்பினத்தவர். அந்த வருடமே ரொட்டியோடு அவர் படம் கொடுத்தார்கள். ஆனாலும் ரூக்கி கார்டு என்று பெரும்பாலோர் சொல்வது லீஃப் கம்பெனியின் 79-ஆம் எண்ணை. அதை 1948 செட் என்று எழுதுவார்கள், அச்சானது 1949-இல் என்பார்கள். இந்த மாதிரி வழக்குகள் இந்தத் தொழிலில் நிறைய, இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

மிக்கி மேண்டில் கதை எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். 2022 ஆகஸ்டில் அவருடைய கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது 1952 டாப்ஸ், எண் 311. அது ரூக்கி கார்டே இல்லை! அவருடைய ரூக்கி கார்டு போமன் கம்பெனியின் 1951 செட், எண் 253. பிறகு ஏன் 1952-க்கு இந்த விலை? அந்த வருடம்தான் டாப்ஸ் முதன்முதலில் பெரிய அளவில் அழகான செட் போட்டது. செட்டின் கடைசிப் பகுதி சீசன் முடியும் நேரத்தில் வந்து விற்காமல் தங்கியது. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினோம் என்று, அதை வடிவமைத்த சை பெர்கர் பின்னாளில் சொன்னார். மேண்டிலின் எண் அந்தக் கடைசிப் பகுதியில் இருந்தது.

எதில் தொடங்கலாம்

1975 டாப்ஸில் தொடங்குங்கள். ஜார்ஜ் பிரெட், எண் 228. ராபின் யூண்ட், எண் 223. அந்த வருடத்துக் கார்டுகளின் ஓரம் இரண்டு அடர் நிறத்தில் இருக்கும். கண்டாங்கிச் சேலையின் உடலும் கரையும் மாதிரி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிறங்கள், ஆனால் சேர்த்துப் பார்த்தால் கண்ணுக்குப் பிடித்துவிடும். அடர் நிறம் என்பதால் ஓரத்தில் துளி உதிர்ந்தாலும் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு கார்டின் நிலையைப் பார்க்கக் கண் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை. சுமாரான நிலையில் இருப்பது ஒரு குடும்பம் வெளியே போய்ச் சாப்பிடும் செலவுக்குள் கிடைத்துவிடும், தவறினாலும் பெரிய நட்டமில்லை. அதே வருடம் அதே படங்களைக் கொஞ்சம் சிறிய அளவிலும் அச்சடித்தார்கள், அதற்கு ‘மினி’ என்று பெயர். அளவு குறைகிறதே, போலியோ என்று பயந்துவிட வேண்டாம்.

ரயன், பிரெட், யூண்ட் மூன்று பேரும் 1999-இல் ஒன்றாகக் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் கௌரவ மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். என்னிடம் மூன்று கார்டும் இருப்பது தற்செயல் இல்லை. சும்மா பத்துப் பேரைச் சேர்ப்பதைவிட இப்படி ஒரு முடிச்சு வைத்துச் சேர்த்தால் அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

அதற்கு மேல் கை நீளும் என்றால் 1955 டாப்ஸ். சாண்டி கூஃபாக்ஸ், எண் 123. ராபர்ட்டோ கிளெமென்டே, எண் 164. கிளெமென்டே சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டுத் தளம் சேர்வது) அடித்த கையோடு, 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். எதிர்வீட்டுத் தாத்தா இந்தக் கதையைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எனக்கு அந்தக் கார்டு இன்னும் அமையவில்லை. 1954 டாப்ஸில் ஹாங்க் ஏரன், எண் 128. 1951 போமனில் வில்லி மேஸ், எண் 305. அது வேறு உயரம், நானும் சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

வாங்கக் கூடாதது ஒன்று உண்டு. 1980-களின் கடைசியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த கார்டுகளைப் பெட்டி பெட்டியாக, பிரிக்காத பாக்கெட்டோடு, ‘பழசு’ என்று சொல்லி விற்பார்கள். எல்லோரும் பிற்காலத்துக்கு முதலீடு என்று பத்திரப்படுத்திய காலம் அது, கம்பெனிகளும் மலைமலையாக அச்சடித்துத் தள்ளின. கென் கிரிஃபி ஜூனியரின் 1989 அப்பர் டெக், எண் 1, மாதிரி விரும்பத்தக்க கார்டுகள் உண்டுதான், ஆனால் அதுவும் எங்கும் கிடைக்கும். எல்லோரும் பத்திரப்படுத்தியதற்கு விலை ஏறாது. அதற்கு முந்திய காலத்தில், பிள்ளைகள் வளர்ந்ததும் தாயார்கள் குப்பையில் போட்டதற்குத்தான் விலை.

கையில் எடுத்தால் முதலில் என்ன பார்ப்பது

ஒரு ஸ்கேல். அதுவும் மில்லிமீட்டர் கோடு தெளிவாக இருக்கும் இரும்பு ஸ்கேல். நான் ஸ்கேல் இல்லாமல் போன ஒரே நாளில்தான் ஏமாந்தேன்.

தேவாலயத்தின் அடித்தளத்தில் நடந்த சின்னச் சந்தை அது. மேசையின் மூலையில் 1952 மேண்டில். மஞ்சள் பாரித்து, மூலை மழுங்கி, பார்த்தாலே வயது சொல்லும் நிலை. விற்றவர் “என்ன என்று தெரியாது, வந்த விலைக்குக் கொடுக்கிறேன்” என்றார். 15 டாலர். கோடி ரூபாய் கார்டு 15 டாலருக்கு வருமா என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பையில் போட்டேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியார் நான்! வீட்டுக்கு வந்து அளந்தேன். அகலம் 63, உயரம் 89 மில்லிமீட்டர். 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு பெரியது, சுமாருக்கு 67-க்கு 95 இருக்க வேண்டும். 63-க்கு 89 என்பது 1957-இல் வந்த அளவு. விஷயம் இதுதான்: 1983-இல் டாப்ஸே 1952 செட்டை மறுபடி அச்சிட்டது, சின்ன அளவில். பின்பக்கத்தில் மறுபதிப்பு என்று அச்சும் போட்டது. என் கார்டின் பின்பக்கம் சரியாக அந்த இடத்தில் சுரண்டியிருந்தது. தேயிலைத் தண்ணீரில் நனைத்திருக்கிறார்கள் என்று தாத்தா முகர்ந்து பார்த்துச் சொன்னார். அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாராவது சொல்லித் தரக் கேட்டு வந்தால் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

அதனால் வருடத்துக்கான அளவை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1951 போமன், 52-க்கு 79. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டியில் வந்த டி206 வகை, 37-க்கு 67. அந்தக் காலத்து வெட்டு இயந்திரத்தில் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும், அதற்காகச் சண்டை போட வேண்டாம். நான்கு மில்லிமீட்டர் குறைந்தால் வேறு கதை.

அடுத்தது லென்ஸ். நகை ஆசாரி கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். இந்த வேலையைத் தம்பி எனக்கு முனீஸ்வரன் கோவில் தெருவிலேயே கற்றுக்கொடுத்திருந்தான், நான்தான் அப்போது கவனிக்கவில்லை. அசல் ரவிவர்மா பிரெஸ் படம் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல், புள்ளிகள் கையால் வைத்தது, ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போல இருக்கும். இப்போது அச்சடித்த நகலில் நான்கு நிறப் புள்ளிகள் கோலப்புள்ளி மாதிரி வரிசை பிடித்து, வட்டம் வட்டமாகப் பூத்திருக்கும். டி206 கார்டுகளும் கல்லச்சுதான், அதனால் அதே சோதனை அப்படியே செல்லும்.

1950-களுக்குப் பிறகு வந்த கார்டில் படப் பகுதியில் புள்ளி வரிசை இருப்பது இயல்பு. அங்கே பார்க்க வேண்டியது எழுத்தையும் கோட்டையும். ரயன் கார்டில் பெயர் எழுத்தின் மேல் லென்ஸை வையுங்கள். கறுப்பு மசி ஒரே திட்டாக, ஓரம் கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும். நகல் எடுப்பவன் முழுக் கார்டையும் படம் பிடித்து அச்சடிப்பான், அப்போது எழுத்தும் சேர்ந்து புள்ளியாக உடையும். எழுத்தின் விளிம்பு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் விட்டிருந்தால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தம்பி “மசி உடையாம நிக்குதே” என்றது இதைத்தான். 1963-இன் பீட் ரோஸ் கார்டு, எண் 537, நான்கு சின்னத் தலைகளில் ஒன்று அவருடையது. அதற்கு 1980-களிலேயே போலி புறப்பட்டுவிட்டது, அதை வாங்கும்போது லென்ஸை இரண்டு தடவை வையுங்கள்.

மூன்றாவது விளக்கு. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் நீல விளக்கு போதும். காகிதத்தை வெளுப்பாகக் காட்டும் இரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. அதனால் போருக்கு முந்திய கார்டு இருட்டில் இந்த விளக்கின் கீழ் மங்கலாகக் கிடக்கும், புது அட்டையில் அடித்த நகல் புதுச் சலவை வேட்டி மாதிரி நீலமாக ஒளிரும். பிந்திய காலத்துக் கார்டுக்கு இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அசலும் ஒளிரலாம்.

கடைசியாக ஓரம். மழுங்கிய மூலையைக் கூராக்க ஓரத்தை ஒரு நூல் அளவு சீவிவிடுவார்கள். கார்டை மூக்குக்கு நேரே படுக்க வைத்து ஓரத்தை மட்டும் பாருங்கள். ஐம்பது வருட ஓரம் கொஞ்சம் நார் பிரிந்து, அழுக்கேறி இருக்கும். மூன்று ஓரம் பழுப்பாகவும் ஒரு ஓரம் மட்டும் பாலாகவும் இருந்தால் கத்தி பட்டிருக்கிறது.

கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் எண்

கார்டைச் சோதித்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தரும் கம்பெனிகள் உண்டு. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்ற நான்கையும் பார்த்து மதிப்பெண் வரும். ஒரே கார்டு 4-லிருந்து 8-க்குப் போனால் விலை பல மடங்கு தாவும். பெரிய பணம் கொடுக்கும் கார்டைக் கூட்டோடு வாங்குங்கள். கூட்டில் இருக்கும் சான்று எண்ணை அந்தக் கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள், கூட்டையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அதற்காக எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பி.எஸ்.ஏ. 1991-இல் தொடங்கியபோது முதன்முதலாக மதிப்பெண் போட்டது ஹோனஸ் வாக்னரின் டி206 கார்டுக்கு. 8 கொடுத்தார்கள். உலகத்திலேயே புகழ் பெற்ற கார்டு அது. முன்பு அதை வாங்கி விற்ற ஏலக்காரர், ஓரத்தை வெட்டியது தான்தான் என்று 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

நம்மைப் போன்றவர்களுக்கு நான் சொல்வது 2, 3, 4 மதிப்பெண் கார்டுகள். என் ரயன் கார்டுக்கு 3. மேல் இடது மூலையில் ஒரு மடிப்பு, சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். படம் அச்சு நடுவில், நிறம் கெடவில்லை, முகத்தில் கீறல் இல்லை. பக்கத்து மேசையில் 5 போட்ட ரயன் இருந்தது. மூலை நன்றாக இருந்தது, ஆனால் படம் ஒரு பக்கமாக ஒட்டிக்கிடந்து இடப்பக்கச் சாக்குத்துணியே காணோம். விலை இரண்டு பங்கு. தாத்தா அதை வாங்கச் சொன்னார். நான் கேட்கவில்லை, இன்றுவரை வருத்தமும் இல்லை.

விலை பேசுவது

ஈபேயில் ஒருவர் கேட்கும் விலை விலையே இல்லை. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி அதில் உண்டு, அதைப் போட்டு அதே கார்டு, அதே மதிப்பெண், கடைசி ஐந்தாறு விற்பனையைப் பாருங்கள். ஏலத்தில் வாங்கினால் விழுந்த விலைக்கு மேல் ஏலக்காரரின் பங்கு ஒன்று வரும், அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

சந்தையில் பேரம் பேசலாம். நம்மூர் மாதிரி பாதியில் தொடங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இரண்டு மூன்று கார்டைச் சேர்த்து எடுத்து, ரொக்கமாகத் தருகிறேன், என்ன குறைப்பீர்கள் என்று கேட்டால் அவர்களே பத்தில் ஒரு பங்கைத் தள்ளுவார்கள். சந்தை முடிகிற நேரம் போனால் இன்னும் நல்லது, மூட்டை கட்ட யாருக்கும் பிடிக்காது.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். ‘தாத்தாவின் பரணில் கிடைத்தது’, ‘நாற்பது வருடம் யாரும் தொடவில்லை’ என்று எழுதியிருப்பார்கள். எங்கள் தெருவில் ஒவ்வொரு கரண்டியும் ஏதோ அரண்மனையிலிருந்துதான் வந்திருக்கிறது. அத்தனை கரண்டிக்கு அரண்மனைகளில் சோறு பொங்கியிருந்தால் செட்டிநாட்டில் விறகே மிஞ்சியிருக்காது.

ஊருக்குக் கொண்டுவரும்போது கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். பில் பக்கத்திலேயே இருக்கட்டும், கேட்டால் உள்ள விலையைச் சொல்லுங்கள். பெரிய விலைக் கார்டென்றால் புறப்படும் முன்பே சுங்க விதியைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெக்கையில் காப்பாற்றுவது

கார்டு அமெரிக்காவில் ஐம்பது வருடம் பிழைத்தது, இங்கே ஒரு ஐப்பசியில் போய்விடும். எங்கள் வீடு பழைய வளவு வீடு. கோடையில் பட்டாலை குளுகுளுவென்று இருக்கும், அடைமழையில் அதே சுவர் வியர்க்கும். முதல் வருடம் கார்டுகளைப் பெட்டகத்தில் பட்டுச் சேலைக்கு நடுவில் வைத்தேன். கார்த்திகையில் எடுத்தபோது கூட்டுக்குள் இல்லாத யூண்ட் கார்டு அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு மாதம் புத்தகத்துக்கு அடியில் வைத்து ஓரளவு நிமிர்ந்தது.

இப்போது செய்வது இது. கார்டுக்கு முதலில் மெல்லிய உறை, அதற்கு மேல் டாப்லோடர் என்று சொல்லும் கெட்டி உறை. இரண்டும் கார்டுக்கென்றே விற்பதாக, பி.வி.சி. இல்லாததாக இருக்க வேண்டும். பழைய போட்டோ ஆல்பத்தின் பிசுபிசுத்த பிளாஸ்டிக் படத்தின் மசியை உரித்துவிடும். எல்லாவற்றையும் ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பாவில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம். உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர், ஐம்பதைத் தாண்டினால் பொட்டலத்தை மாற்றுவேன். டப்பா மாடி அறையில், வெளிச்சுவரைத் தொடாமல், தரையிலிருந்து உயரத்தில். கீழே வைத்தால் செல்லு ஏறும்.

இராமபாணப் பூச்சிக்காக அந்துருண்டை போடலாம் என்று தோன்றும். போடாதீர்கள், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பெட்டகத்தில் ஏட்டுக்கு வைக்கிற மாதிரி வசம்பு வைத்திருக்கிறேன், ஆனால் டப்பாவுக்கு வெளியே.

ரப்பர் போட்டு அழிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். பபிள்கம் ஒட்டிய கறையை அப்படியே விட்டுவிடுங்கள், அது பிறவி மச்சம். எல்லாவற்றுக்கும் மேல், லேமினேஷன். நம் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வரை லேமினேட் செய்து பழகிய கை. தம்பி மகன் எனக்கு உதவி செய்வதாக நினைத்து பிரெட் கார்டை ஜெராக்ஸ் கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டான். கடையில் கரண்ட் இல்லை. மின்வெட்டை நான் வாழ்த்தியது அந்த ஒரு நாள்தான்.

சிட்டை எழுதுவது

கல்யாணத்தில் சாமான் பரப்பினால் ஒரு தீக்குச்சிப் பெட்டி விடாமல் பட்டியல் எழுதுகிற வம்சம் நாம். கார்டுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

டாப்ஸ் 1968, எண் 177, ரயன்–கூஸ்மன். மதிப்பெண் 3. சான்று எண் (எழுதியிருக்கிறேன், இங்கே வேண்டாம்). வாங்கியது 2015 பங்குனி, நியூ ஜெர்சி சந்தை, ரொக்கம், பில் உறைக்குள். மேல் இடது மூலையில் மடிப்பு. முன், பின் படம் எடுத்தது போனில், பேரனிடம் ஒரு நகல்.

நகலைப் பேரனிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நமக்குப் பிறகு பெட்டகத்தைத் திறக்கிறவருக்கு இது பழைய சீட்டாகத்தான் தெரியும், வெள்ளைக்காரத் தாயார்கள் குப்பையில் போட்ட மாதிரி நம் வீட்டிலும் போய்விடும். விற்க வேண்டி வந்தால் அமெரிக்காவில்தான் விற்க வேண்டும், இங்கே வாங்க ஆளில்லை. நானே இதுவரை விற்றது ஒன்றே ஒன்று, இரட்டையாக வந்த ஒரு பிரெட்.

பேரனுக்கு இப்போது பத்து வயது. போன வாரம் போனில், “ஆயா, கிளெமென்டே ஒண்ணு பாத்தேன், மதிப்பெண் ரெண்டு, வாங்கலாமா?” என்றான். பின்பக்கம் படம் எடுத்து அனுப்பு, முதலில் ஸ்கேல் வைத்து அள என்றேன். கூட்டுக்குள் இருப்பதை எப்படி அளப்பது என்று கேட்டான். கூட்டுக்கு வெளியே வைத்தே அளக்கலாம், கண்ணை நேராக வைத்துக்கொண்டால் போதும். இன்னும் படம் வரவில்லை.